ஒரு முழம் உயர்ந்த கூரை

பட்டுப்புடவை நன்றாக அமைந்தால் நெய்தவர் கையைப் புகழ்வார்கள், கட்டியவள் நிறத்தைப் புகழ்வார்கள். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து டிசைன் போட்டவளை யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள். அடுத்தவர் உடம்பில் ஏறப்போகிற எதையாவது செய்து பிழைக்கிறவர்கள், தையற்காரரோ செருப்புத் தைப்பவரோ, இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

நான் கூரம் கிராமத்துப் பெண். ட்ராயிங் ஹையர் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, தினமும் பஸ் பிடித்து வந்து, காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் நான், ஒரு மேஜை, அட்டையில் ஓட்டை போடும் ஒரு மிஷின். நெசவாளர்கள் எனக்கு வைத்த பெயர் ட்ராயிங்கம்மா. நைலான் புடவை ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. காலேஜ் பெண்கள் பட்டைப் பார்த்தாலே "மூட்டை" என்று ஓடினார்கள்.

வானம் பார்த்த தறி

சங்கம் சோதனைக்கு ஒரே ஒரு ஜக்கார்டு பெட்டி வாங்கியது. தறிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, நான் ஓட்டை போட்ட அட்டை சொல்கிறபடி நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தூக்கிக் கொடுக்கிற பெட்டி. சின்ன காஞ்சிபுரத்தில் குப்புசாமி அண்ணன்தான் துணிந்து, "என் தறியில மாட்டுங்க" என்றார். மாட்டப் போனால் கூரை இடித்தது. நம் வீடுகளைக் கட்டியவர்கள் மனிதன் குனிந்து போனால் போதும் என்று கட்டியிருந்தார்கள், பெட்டி குனியுமா? கூரை ஓட்டைப் பிரித்து, மரத்தை ஒரு முழம் தூக்கி, தற்காலிகமாகத் தென்னங்கீற்று போட்டார்கள்.

செயலாளர் கறாரான மனிதர். முதல் புடவை விலை போனால் பெட்டி இருக்கும், போகாவிட்டால் திரும்பிப் போகும், டிசைன் பிரிவும் கூடவே போகும் என்று சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிவு தெரிந்தாக வேண்டும். கூரை ஓட்டைப் பழைய உயரத்தில் இறக்குவதா, மேலேயே வைத்துக் கட்டுவதா என்பது என் புள்ளியில் தொங்கியது. குப்புசாமி அண்ணன் கீற்று இடுக்கில் தெரிந்த மேகத்தைக் காட்டிச் சொன்னார்:

"வானத்தைப் பாத்துக்கினு நெய்யப்போறேன், ட்ராயிங்கம்மா. பாத்து சீக்கிரமா போடுங்க."

ஒரு இழை குறைந்தால்

நைலானோடு மோத வேண்டுமென்றால் கனத்தைக் குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது? பாவில் கை வைத்தால் புடவை நாளடைவில் கிழியும். கரையில் ஜரிகையை அப்படியே விட்டு உடலை மட்டும் இளைக்க வைத்தால், கனமான கரை மெல்லிய உடலை இழுத்துச் சுருக்கிவிடும். ஆகவே குறுக்கே ஓடும் ஊடையில் ஓர் இழை, கரையில் இரண்டு விரல் அகலம், இரண்டையும் சேர்த்தே குறைக்கச் சொன்னேன். எனக்கு வந்த எதிர்ப்பைச் சொல்லி முடியாது. காஞ்சிபுரத்தில் ஒருவர் நெய்த புடவை லேசாக இருக்கிறது என்பதும், அவர் வீட்டுச் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்பதும் ஒன்றுதான்.

மாதிரிக்கு ஒரு முழம் நெய்து பார்த்தார் அண்ணன். கையில் கசக்கினார், உதறினார். துணி தண்ணீர் மாதிரி வழிந்து விழுந்தது. அது அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. வாய் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"எங்கப்பா இருந்திருந்தா, பட்டு நெய்யறியா, மீன் வலை பின்றியான்னு கேட்டிருப்பாரு."

டியூப் லைட் சாயம்

நிறம் வாடாமல்லி, கரை கிளிப்பச்சை. சாயக்கார முனுசாமி நனைத்துக் கொண்டுவந்த பட்டு வெயிலில் பூவாகவே இருந்தது. சங்கத்து ஷோரூமில் அப்போதுதான் டியூப் லைட் போட்டிருந்தார்கள். அதன் கீழே வைத்தேன், பூ வாடிவிட்டது. நீலம் தூக்கி, ஏதோ மை கொட்டின நிறம். புடவையை வாங்குவது டியூப் லைட்டில், தாலி கட்டுவது விடியற்கால வெளிச்சத்தில். இரண்டிலும் நிற்க வேண்டாமா?

முனுசாமியை விடவில்லை. சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி நனைத்து, வாசலுக்கும் ஷோரூமுக்குமாக நடந்தோம். கடைசியில் இரண்டு வெளிச்சத்திலும் ஒரே முகம் காட்டிய நூல்கண்டு ஒன்று கிடைத்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு முனுசாமி சொன்னார்:

"இத்தினி நாளா சூரியனுக்கு சாயம் போட்டுக்கினு இருந்தேன். இப்ப கரண்ட்டுக்கும் சேத்து போடச் சொல்றியேம்மா."

தலைகீழ் அன்னம்

உடல் முடிந்து, முந்தானை ஆரம்பித்தது. முந்தானை முழுக்க வரிசை வரிசையாக அன்னம் வரைந்திருந்தேன். முதல் வரிசை முடிந்ததும் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து அன்னங்கள் நிமிர்ந்து நின்றன. அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணனின் மனைவி சரசுவதி அக்கா மட்டும் அன்னத்தையே உற்றுப் பார்த்தார். கரை நெய்யும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஊடை நூல் வைத்த நாடாவைத் தள்ளிக் கொடுப்பவர் அவர்தான். தன் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டார், திரும்பி முதுகுப் பக்கம் பார்த்தார், தறியைப் பார்த்தார். "ஏம்மா, நெய்யறவருக்கு நேரா நிக்குது. கட்டறவ முதுகுல தலைகீழாயில்ல தொங்கும்?" என்றார். அத்தனை அட்டையையும் மறுபடி போட வேண்டுமென்றால் மழை முந்திக்கொள்ளும்.

அன்றைக்கு என் மூளை வேலை செய்தது, அதை இன்றும் பெருமையாகச் சொல்வேன். அட்டை ஒவ்வொன்றிலும் எண் போட்டிருந்தேன். ஓட்டை அப்படியே இருக்கட்டும், வரிசையை மட்டும் மாற்றுவோம் என்றேன். நெய்ததைப் பிரித்தோம். அட்டைகளை அவிழ்த்து, கடைசி அட்டை முதலாக வரும்படி நானும் அக்காவும் உட்கார்ந்து திரும்பக் கோர்த்தோம். பெட்டியின் மிதிகட்டையை மிதித்ததும் அன்னத்தின் தலை முதலில் வந்தது, பிறகு கழுத்து, கடைசியாகக் கால். அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எனக்குத் தலைகீழா நின்னா பரவாயில்ல. கட்டப்போறது நான் இல்லியே."

கண்ணாடிக்கு முதுகு

புடவை ஷோரூமுக்கு வந்த வாரம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. வாலாஜாபாத்திலிருந்து ரைஸ் மில்காரர் வீட்டு அம்மாவும், கல்யாணம் நிச்சயமான மகளும் வந்தார்கள். அம்மா என் புடவையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமே இல்லியே" என்று தள்ளி வைத்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் அதை எடுத்தாள். வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள், டியூப் லைட்டில் பார்த்தாள். மேலே சுற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தாள். வாடாமல்லியில் அன்னமெல்லாம் நிமிர்ந்து நின்றன. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தாள். "இதாம்மா. அக்கா கல்யாணத்துல அவள தூக்கி நிறுத்தவே ரெண்டு பேர் வேண்டியிருந்திச்சு" என்றாள். அம்மா முந்தானையைத் தடவிப் பார்த்தார், பில் போடச் சொன்னார். கடைசி மகளுக்கும் இதே போல ஒன்று எப்போது கிடைக்கும் என்று செயலாளரைக் கேட்டார். செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ட்ராயிங் பரீட்சை பாஸானபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஓட்டமும் நடையுமாகத் தறிக்கு வந்தேன். முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. குப்புசாமி அண்ணன் கொத்தனாரோடு கீற்றைப் பார்த்து நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உடனே அண்ணன் கொத்தனார் பக்கம் திரும்பினார்:

"ஓட்டை இந்த ஒசரத்துலயே போட்டுருப்பா. பெட்டி எங்கியும் போவல."

கோயில் கோபுரத்தை உயர்த்திய ராஜாக்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. அப்புறம் தறிக்குத் தறி பெட்டி வர, ஒரு தெருவின் கூரைகளை ஒவ்வொன்றாக ஒரு முழம் உயர்த்திய எனக்கு, மாசா மாசம் சம்பளமும் ட்ராயிங்கம்மா என்ற பெயரும்தான்.