வரி குறைந்த மருந்து

நிதியமைச்சர் மருந்துக்கு வரி குறைத்தார் என்று தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் எல்லோருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தார்கள். போன வாரம் நடந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். உடம்புக்கு விழுங்குவது மாத்திரை. பாட்டிலில் இருந்தால் டானிக். குத்தினால் ஊசி. வெறுமனே ‘மருந்து’ என்று சொன்னால் பீடியைத் தூரப் போட்டுவிட்டு விலகி நிற்பார்கள்.

கம்பெனி முதலாளி செல்வராஜ் எனக்கு நெடுநாள் பழக்கம். பட்ஜெட் அன்று டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்தியிருக்கிறார். உள்ளே டிவி. ‘உயிர் காக்கும்’ என்ற முன்பாதியை பைக் சத்தம் விழுங்கிவிட்டது. ‘மருந்துகளுக்குச் சுங்க வரி குறைப்பு’ என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. அடுத்த செய்திக்குள் கரண்ட் போய்விட்டது.

மனிதர் நேராகக் கம்பெனிக்குப் போனார். மருந்துக்கு வரி குறைந்தால் சரக்கு விலை குறையும், லாபம் கூடும். நல்ல மனசுக்காரர்... வேலை செய்கிற பெண்களைக் கூப்பிட்டு, அடுத்த வாரத்திலிருந்து கூலி கூட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார். சேவும் வந்தது.

மறுநாள் பேப்பர் வந்தது. எனக்கு போனும் வந்தது.

“அண்ணாச்சி, மந்திரி சொன்னது மாத்திரையவாம்.”

ஆமாம் என்றேன். சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும், ஆனால் தனக்கு வாய் வரவில்லை என்று புலம்பினார். அதிலும் மாரியம்மாள் என்று ஒருத்தி. பத்தாவது பரீட்சை எழுதப் போகும் மகளை, பரீட்சை முடிந்ததும் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு அனுப்புவதாக இருந்தவள். கூலி கூடும் என்றதும் ப்ளஸ் ஒன் சேர்க்கப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளாம்.

“நீங்க படிச்சவுக. வெவரமா எடுத்துச் சொன்னீகன்னா கேப்பாக.”

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பட்ஜெட்டை விளக்கச் சொல்லி ஒருவர் கூப்பிட்டால் எனக்குக் கால் நிற்காது. சாத்தூரில் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கம்பெனி கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் தீப்பெட்டி ஏதும் இருக்கிறதா என்று நானே மூன்று தடவை தடவிப் பார்த்தேன். நான் புகைபிடிப்பதில்லை. இருந்தாலும்... யார் கண்டது?

சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் பதினேழு பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்வராஜ் ஏதோ வேலை இருப்பது போல என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

இறக்குமதி என்றால் என்ன, சுங்க வரி என்றால் என்ன, அரசாங்கத்துக்கு ஒரு பக்கம் வரவு குறைந்தால் இன்னொரு பக்கம் எப்படிச் சரிக்கட்டும் – எல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். மந்திரி குறைத்தது மாத்திரைக்கான வரி, வெடிமருந்துக்கு அல்ல என்று முடித்தேன்.

மாரியம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

“அப்ப மாத்திர வெல கொறஞ்சிருச்சா சார்?”

மாட்டிக்கொண்டேன். அன்று காலையில்தான் மெடிக்கல் ஷாப்காரனிடம் இதே கேள்வியைக் கேட்டுச் சண்டை போட்டிருந்தேன். பொய் சொல்லலாமா? பையில் பில் இருக்கிறது.

“இல்லம்மா. பழைய ஸ்டாக்காம். அது தீர்ந்த பிறகு குறையுமாம்.”

“மொதலாளி எங்களுக்குச் சொன்ன கூலியும் பழைய ஸ்டாக்குதான சார். அது தீரட்டும். பொறவு கொறைக்கச் சொல்லுங்க.”

பதினேழு பேரும் சிரித்தார்கள். பதினெட்டாவதாகச் சிரித்தது என் முதுகுக்குப் பின்னால் நின்றவர்.

சிரிப்பு அடங்கியதும் வயதான ஒரு அம்மாள், யாரிடமும் சொல்லாத மாதிரி, அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் இப்போதெல்லாம் தங்கள் தெரு வழியாகத்தான் போகிறது, பாதி சீட் காலி என்றாள். அவ்வளவுதான். சீசனுக்கு ஆர்டர் எடுத்து வைத்திருக்கிற ஒரு முதலாளிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் பொருளாதாரம் சொல்ல முடியாது.

“சரி தாயி. சொன்னது சொன்னதுதான். போய் வேலையப் பாருங்க” என்றார் செல்வராஜ்.

எனக்கு ஒன்று புரியவில்லை. வரி கூடினால் அன்று சாயங்காலமே விலை கூடிவிடுகிறதே – அதற்கு மட்டும் ஏன் பழைய ஸ்டாக் இருப்பதில்லை? குறைத்த வரி துறைமுகத்தில் இறங்கி, மொத்த வியாபாரியிடம் தங்கி, சில்லறைக் கடையில் இளைப்பாறி, என் கைக்கு வருவதற்குள் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. குறைக்காத வரியோ, டீக்கடையிலிருந்து நேராக வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் அறிந்தவரை அந்த பட்ஜெட்டால் முழுசாகப் பலன் அடைந்தவர்கள், பட்ஜெட்டில் இல்லாதவர்கள்தான்.

கிளம்பும்போது மாரியம்மாள் கேட் வரை வந்தாள். மகள் காமர்ஸ் குரூப் எடுக்கப் போகிறாளாம். நல்ல குரூப்தானா என்று கேட்டாள். நல்ல குரூப் என்றேன்.

வரிச்சலுகையின் பலன் கடைசி ஆளுக்கும் போய்ச் சேரும் என்று அதில் ஒரு பாடம் வரும். அந்தப் பெண் பரீட்சை வரைக்கும் மட்டும் அதை நம்பினால் போதும்.