லைன் அக்காவின் ஆமை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு லைன் அக்கா என்று பெயர். டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் "அக்கா, ஒரு லைன் குடுங்க" என்று கேட்டுக் கேட்டே அப்படி ஆகிப்போனது. மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு டெலிபோன் போர்டு, காதில் ஹெட்போன், ஒரு பக்கம் சாய்ந்த சுழல் நாற்காலி. முப்பது வருஷத்துக்கு மேல் அவள் குடித்தனம் நடத்தியது அந்த நாற்காலியோடுதான்.

அந்த அறையில் அவள் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. யார் கூப்பிட்டாலும் முதலில் "யாருக்கு?" என்று கேட்பாள். பதில் வராமல் லைன் கொடுக்க மாட்டாள். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அவசரக்காரர். பிள்ளை பிறந்ததற்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட ஒரு மாமாவைப் பிணவறையோடு இணைத்துவிட்டார். பிணவறைக்காரர் "எடுத்துட்டுப் போக எப்ப வர்றீங்க?" என்று கேட்க, மாமா மயங்கி விழுந்து, கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். அந்தக் கதையைக் கேட்டு லைன் அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள், பாடமும் படித்துக்கொண்டாள். யாருக்கு என்பது தெளிவாகாமல் ஒரு பேச்சையும் தொடங்கக் கூடாது. அந்தச் சட்டத்தை அவளே ஒரே ஒரு தடவை மீறினாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்காக வாழ்க்கையையே தியாகம் செய்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் உருகுவார்கள். அதெல்லாம் சும்மா. வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தம்பியைப் படிக்க வைத்தாள் என்பது மட்டும் நிஜம். அவன் வேலைக்காக வெளியூர் போனான். அங்கேயே மனைவி, இரண்டு பிள்ளைகள், அடுக்குமாடியில் ஒரு வீடு என்று ஆகிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை, மறந்துபோனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான். "என்னக்கா, எல்லாம் ஓகேதானே?" என்பான். ஓகே என்று சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்குத் தான் பேச ஓர் ஆள் இல்லை என்பது, ரிட்டயர் ஆன முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆமை வந்தது. மேல் வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். ஆப்பரேஷனுக்குப் போகிற அன்று காய்கறிக் கூடையில் அதை வைத்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். "பத்து நாள் பாத்துக்கோங்க. இதால ஒரு தொல்லையும் இருக்காது" என்றார். அதற்குப் பெயர் இல்லை. அவரும் "இது" என்றுதான் சொல்வாராம். அவருக்கும் யாரோ "கொஞ்ச நாள் வச்சிருங்க" என்று கொடுத்ததுதானாம். கண்ணாடிக்கடைக்காரர் திரும்பி வரவில்லை. வீட்டைக் காலி செய்ய வந்த அவருடைய மகள், "ஆமையா? நீங்களே வச்சுக்கோங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு சோபாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஆமையோடு பேசலாம் என்று லைன் அக்கா முதலில் நினைக்கவில்லை. ஆனால் கீரை கிள்ளும்போது வாய் சும்மா இருக்குமா? "இரு, வர்றேன். உனக்கென்ன ரயிலா போகுது" என்று தொடங்கியது, கொஞ்ச நாளில் வாயை மூடவே நேரமில்லாமல் போயிற்று. காலையில் பால்கனியில் வெயில் விழும் சதுரத்தில் அது போய் உட்காரும். வெயில் நகர நகர அதுவும் நகரும். அவளும் நாற்காலியை நகர்த்திக்கொள்வாள்.

ஒரு நாள் அதன் கண் வீங்கியிருந்தது என்று கால்நடை டாக்டரிடம் கூடையில் கொண்டுபோனாள். டாக்டர் சின்னப் பெண்தான். மருந்து விட்டாள், ஓட்டைத் தடவிப் பார்த்தாள்.

"வயசு சரியா சொல்ல முடியாதும்மா. அறுபதாவது இருக்கும். நல்லா கவனிச்சா இன்னும் அறுபது, எழுபது வருஷம் கூட இருக்கும்."

"எழுபதா?"

"ஆமை எவ்வளவோ பரவால்லம்மா. திமிங்கிலத்துல ஒரு வகை இருநூறு வருஷம் தாண்டுது. குளிர்க் கடல்ல ஒரு சுறா இருக்கு, அது அதுக்கும் மேல. ஒரு சிப்பி ஐந்நூறு வருஷம் இருந்திருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க."

"ஐந்நூறு வருஷம் தனியாவா?"

டாக்டர் சிரித்தாள். "சிப்பிக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

சிப்பியைக் கேட்டுவிட்டு வந்தவள் மாதிரி பேசுகிறாளே என்று லைன் அக்காவுக்குத் தோன்றியது. பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது கணக்குப் போட்டாள். அவளுக்கே அறுபத்தாறு. கண்ணாடிக்கடைக்காரர் மாதிரி அவளும் ஒரு நாள் போய்விட்டால் இது யார் வாசலில் போய் நிற்கும்? புறப்படும்போது டாக்டரிடமே கேட்டுப் பார்த்திருந்தாள். தங்கள் இடத்தில் வைத்துக்கொள்ள வழியில்லை என்று அந்தப் பெண் கையை விரித்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, முழங்கால் மட்டும் பிசகிக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் ஈரத் தரையில் கிடந்தபோது ஆமை மெதுவாக வந்து அவள் விரல் பக்கத்தில் நின்றது. பாசம் என்று நினைத்துவிட வேண்டாம், விரலில் கீரை வாசனை இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் அவளைத் தேடி வந்தது அது ஒன்றுதான். சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்ததும் அவளுக்கு வந்த முதல் நினைப்பு, நான் எழுந்திருக்காவிட்டால் இதற்கு யார் கீரை போடுவார்கள் என்பது. தனக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. இவளை என்ன சொல்ல.

தம்பியிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஆமையை முன்னால் வைத்துக்கொண்டு பல நாள் ஒத்திகை பார்த்தாள். அவ்வளவு ஒத்திகையில் முக்கியமான வார்த்தை தேய்ந்துபோனதை அவள் கவனிக்கவில்லை. கூப்பிட்டபோது ஆமை காலடியிலேயே இருந்ததால், எதை என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். போன வாரம் குளிக்கிற ரூம்ல விழுந்துட்டேன். பெரிசா ஒண்ணும் இல்ல. ஆனா யோசிச்சுப் பாத்தேன். நாளைக்கே எனக்கு முடியாமப் போச்சுன்னா, உன் வீட்டுல வச்சுப்பியா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பழைய பழக்கத்தில் போனைக் காதில் இன்னும் அழுத்தினாள். இல்லை, மூச்சு கேட்டது.

"ஒரு மூலை போதும்டா. காலையில கொஞ்சம் வெயில் படற மாதிரி இருந்தா நல்லது. சாப்பாடும் பெரிசா ஒண்ணும் வேணாம். கீரை, வெள்ளரிக்காய், அவ்வளவுதான். சத்தம், தொந்தரவு எதுவும் இருக்காது. குளிர்தான் ஆகாது."

"அக்கா..." என்றான் தம்பி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஏன்க்கா இப்படியெல்லாம் பேசற. எனக்கு ஆசை இல்லாம இல்ல. ஆனா இங்க இருக்கிறதே ரெண்டு ரூம். பிள்ளைங்களுக்குப் படிக்கவே இடமில்ல. இவளும் வேலைக்குப் போறா, பகல்ல யாரும் இருக்க மாட்டாங்க. உங்க ஊர்லயே நல்ல நல்ல ஹோம் இருக்காம்க்கா. நர்ஸ் எல்லாம் இருக்காங்களாம். உன் வயசுக்காரங்க நாலு பேர் கூட இருப்பாங்க. நான் விசாரிச்சுச் சொல்றேன்."

நர்ஸ் என்றபோதுதான் அவளுக்கு விளங்கியது. கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஏதோ வந்த வேகத்தில் சொன்னதாகவும் தெரியவில்லை. அவனும் இதை எப்போதோ யோசித்து, பதிலைத் தயாராக வைத்திருந்திருக்கிறான்.

"நான் ஆமையைக் கேட்டேன்டா" என்றாள்.

"என்னது?"

"ஆமை. என்கிட்ட இருக்கே, அது. எனக்கப்புறம் அதை வச்சுப்பியான்னு கேட்டேன்."

தம்பி சிரித்தான். தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவன் சிரிக்கிற சிரிப்பு. "அட, ஆமையா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். ஆமைன்னா தாராளமாக் குடுக்கா. பால்கனி சும்மாதானே கிடக்கு. பிள்ளைங்க கொண்டாடுவாங்க."

"சரிடா" என்றாள். "சந்தோஷம்." நிஜமாகவே சந்தோஷம்தான். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. போனை வைத்துவிட்டு, "உனக்கு இடம் ஆச்சு" என்று ஆமையிடம் சொன்னாள். பால்கனியோடு கூடிய வீடு, கொண்டாட இரண்டு பிள்ளைகள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள், பார்க்க யார் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட ஆரம்பித்தான். பிள்ளைகள் நச்சரிக்கிறார்களாம். முதல் ஞாயிறு, எடுத்ததுமே "எப்படிக்கா இருக்கு?" என்றான்.

"முழங்கால்தான் இன்னும் மடக்க முடியல" என்றாள்.

"ஆமைக்கு முழங்கால் எல்லாம் இருக்கா?" என்றான். பின்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்து, ஆமை நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்தாள். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே கேள்விதான். யாருக்கு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நல்லா இருக்கு, வெயில்ல நடந்துச்சு, வெள்ளரிக்காய் தின்னுச்சு. அவன் ஆசையாகக் கேட்டான். அவள் பேச்சை அவன் அவ்வளவு நேரம் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டு வெயிலே வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

"எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு" என்றாள். "ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

"அடடா. ஏன்?"

"தெரியல. ஜன்னல் பக்கமே போய் உக்காந்துக்குது. எழுந்திரிக்கவே கஷ்டப்படுது."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டணும். யாராவது கூட்டிட்டுப் போகணும்ல."

"ஆட்டோ பிடிச்சு நாளைக்கே கூட்டிட்டுப் போக்கா. பாவம் அது, வாயில்லாத ஜீவன், தனக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லக் கூடத் தெரியாது. தனியா மட்டும் விட்டுடாத. பக்கத்துல உக்காந்து கொஞ்சம் பேச்சுக் குடு, சரியாயிடும்."

"சரிடா" என்றாள்.

காலடியில் ஆமை வெள்ளரிக்காய்த் துண்டை முழுசாகத் தின்று முடித்துவிட்டு, இன்னொன்றுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.