நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு

திருத்தணியில் கண்ணையன் பேரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது ஒருவர், காவடி லாரி செய்தாரே அவர்தானே என்பார். அதில் தண்ணீர்க் குடத்தை வைத்து ஓட்டினால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாதாம். இப்படிப் பேசுகிறவர்களில் ஒருவரும் அந்த லாரியில் ஏறியதில்லை. அதை ஓட்டியவன் நான். கேட்டால் எனக்குக் கோபம் வரும். வந்து என்ன செய்வது, எழுந்து போய்விடுவேன்.

கண்ணையன் எங்கள் லாரி ஷெட்டில் மெக்கானிக். லாரிக்கு அடியில் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பாரம் ஏறினால் அவை அழுந்தும், ரோட்டின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். பாரத்துக்கு மிஞ்சிப் பட்டை போட்டால் அழுந்தாது, கட்டை வண்டிதான். இதில் கண்ணையனை மிஞ்ச ஆளில்லை. எவ்வளவு பாரம் என்று மட்டும் கேட்பான். சொல்லிவிட்டால் எத்தனை பட்டை என்று சொல்லிவிடுவான்.

நாற்பத்தேழாம் வருஷம் வைகாசியில் அவன் மனைவி தேவகி, அவரைப் பந்தலுக்குக் கழி கட்ட ஏணியில் ஏறி, ஏணி சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. வலது கால் கட்டைவிரல் மட்டும், அசை என்று சொன்னால் கொஞ்சம் அசைந்தது. அது அசைகிற வரைக்கும் நம்பிக்கை உண்டு என்றார் டாக்டர். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், வழியில் குலுங்கினால் அந்த விரலும் போய்விடும் என்றும் சொன்னார். மாட்டு வண்டியை நினைக்கவே முடியாது. ரயிலென்றால் அரக்கோணத்தில் மாற வேண்டும். எஞ்சின் புறப்படும்போது இழுக்கிற முதல் இழுப்பே போதும்.

யுத்தம் முடிந்து மிலிடரிக்காரர்கள் கழித்துவிட்ட லாரி ஒன்று ஷெட்டில் நின்றிருந்தது. எடுத்துக்கொள் என்றார் முதலாளி. கண்ணையன் தலையாட்டினான். அந்த மூன்று மாதமும் அவன் முகத்தில் ஒன்றுமே இருக்காது. சாப்பிடு என்றால் சாப்பிடுவான். வீட்டுக்குப் போனால் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த விரலையே பார்ப்பான். அழுது தொலைத்திருந்தால் எனக்காவது நிம்மதியாக இருந்திருக்கும்.

லாரியின் அடிப்பட்டைகளை எப்படி மாற்றிக் கட்டினாலும் அவனுக்குத் திருப்தி வரவில்லை. ஆடிக் கிருத்திகையன்று மலைப்படி அடியில் போய் நின்றான். பால் காவடிக்காரர்கள் ஆடிக்கொண்டே ஏறினார்கள். தோளில் தண்டின் நடுப்பாகம் உட்கார்ந்திருக்க, இரண்டு முனைகளும் வளைந்து வளைந்து நிமிர்ந்தன. அவற்றில் தொங்கிய செம்புகளில் பால் நின்றபடி நின்றது. மறுநாள் லாரியின் மேல்தட்டில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கம்பம் நட்டான். ஒவ்வொன்றின் உச்சியிலும் பட்டைகளைக் காவடித் தண்டு மாதிரி குறுக்கே ஏற்றினான். நான்கு முனைகளிலிருந்தும் ஒரு கட்டிலைத் தொங்கவிட்டான். பக்கவாட்டில் ஆடாதிருக்கப் பழைய டியூப்பை வெட்டிக் கட்டினான். பட்டையைத் தலைக்குமேல் மாட்டுகிறவனை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

இனி பாரம் தெரிய வேண்டும். தேவகியைப் படுக்கையோடு தராசில் வைக்கலாம் என்றான். அவன் மாமியார் ரத்தினம்மாள் குறுக்கே வந்து நின்றாள். மகளுக்குக் குணமானால் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக மலைக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

"அவ நடந்து மல ஏறட்டும். அன்னிக்கு முருகன் எதிர்லதான் தராசுல ஒக்காரணும். அதுக்கு முன்ன எட போடக் கூடாது மாப்ள."

கண்ணையன் வாதாடவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தான். கல்யாணமான புதிதில் இருவரும் அரக்கோணம் ஸ்டேஷனில் எடை மெஷினில் ஏறியிருக்கிறார்கள். அவள் சீட்டை அவன் வைத்திருந்தான். நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. அந்த எடைக்கு மணல் மூட்டையைக் கட்டிலில் வைத்து, நான்கு பட்டை கட்டி, முனைகள் தாழ்ந்து நின்ற இடத்தைக் கம்பத்தில் சாக்பீசால் குறித்தான். கட்டிலிலேயே ஒரு சின்னக் குடம் நிறையத் தண்ணீரும் வைத்தான். அம்மையார்குப்பம் வரை ஓட்டிவிட்டு வந்தேன். குடம் அப்படியே இருந்தது. கண்ணையன் அதைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

ஆவணியில் புறப்பட்டோம். கழுத்துவரை போர்த்தியிருந்த தேவகியைப் பலகையோடு நானும் ஷெட்டு ஆட்கள் மூன்று பேரும் தூக்கினோம். கண்ணையன் மேலே கட்டில் தொங்குகிற கொக்கிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பலகை லேசாக இருந்தது. நான்கு பேர் தூக்கினால் எதுவும் லேசுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே குடத்தை நிறைத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தோம். ரத்தினம்மாள் மகளோடு பின்னால் இருந்தாள். கண்ணையன் என் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளம் பார்த்துச் சொன்னான். சோளிங்கர் வரைக்கும் பின்னாலிருந்து சத்தமே இல்லை. அங்கே தேவகிக்குத் தண்ணீர் கொடுக்க நிறுத்தினோம். அவள் புடவை முந்தானையை மடித்து வாயில் கடித்திருந்தாள். எங்களைக் கூப்பிடாதபடி அம்மாவின் கையைப் பிடித்து வைத்திருந்தாள். கண்ணையன் முதலில் அவளைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தான். பட்டை முனைகள் சாக்பீஸ் கோட்டுக்கு நான்கு விரல் மேலேயே நின்றன. அழுந்தவே இல்லை. குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. பிறகு போர்வையை விலக்கிப் பார்த்தான். மூன்று மாதத்தில் அவள் இளைத்திருந்த இளைப்பு அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

பட்டையைக் கழற்ற வேண்டுமானால் அவளை மறுபடி இறக்க வேண்டும். அது ஆகாது. குறைகிற எடையைக் கட்டிலில் ஏற்றுவதுதான் வழி. சந்தைக்கு வெல்லம் ஏற்றிய வண்டி ஒன்று அங்கே நின்றிருந்தது. உருண்டை ஒரு வீசை, மூன்று பவுண்டு சொச்சம். கண்ணையன் ஒவ்வொன்றாக வாங்கி அவள் கால்களின் இரு பக்கமும் வைத்தான். கால்மேல் பட்டது அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாங்க வெக்கறீங்க?" என்றாள்.

"கல்லு" என்றான்.

ரத்தினம்மாள் உருண்டைகளைப் பார்த்தபடி இருந்தாள். பன்னிரண்டாவது வைத்தபோது முனைகள் கோட்டைத் தொட்டன. பன்னிரண்டு வீசை. மூன்றில் ஒரு பங்கு ஆளே இல்லை. எடை போடக் கூடாது என்று ரத்தினம்மாள் காத்தது இப்படி நடுரோட்டில் தெரிந்துவிட்டது. அங்கிருந்து வேலூர் வரை குடத்தில் மீதியிருந்த தண்ணீர் அலம்பவில்லை. ஊரில் பேசுகிற பெருமையெல்லாம் இந்தப் பாதி வழியைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரியில் போர்வையை எடுத்தபோது பாதமெல்லாம் எறும்பு. தேவகி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணையன் எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான். விரலை அசைக்கச் சொன்னார் டாக்டர். அவள் கண்ணை மூடி முயன்றாள்.

"அசையுதாங்க?"

கண்ணையன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, "ஆங்" என்றான்.

அது அசையவில்லை. வழியில் போயிற்றா, முன்பே போயிற்றா, சொல்ல முடியாது என்றார் டாக்டர். தேவகி அதன்பின் ஆறு வருஷம் படுக்கையில் இருந்தாள். ரத்தினம்மாள் மலை ஏறுவதை விட்டுவிட்டாள். கண்ணையன் லாரிக் கம்பங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பழையபடி பட்டை கட்டினான்.

தேவகி போன மறு வருஷம், ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு முறை கேட்டான்.

"ஒரே ஒரு பட்டைய கழட்டியிருந்தா போதும் எலியாசு. தூக்கறப்ப ஒனக்குத் தெரியலியா?"

"நாலு பேரு தூக்குனோம்பா. எங்க தெரியும்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போனான்.