கோகிலாவுக்கு ஒரு நீளமான சைக்கிள்

நல்லையாவுக்குச் சைக்கிளில் தெரியாத வேலையே கிடையாது என்று மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்பாள் அவர் மனைவி சாரதாம்பாள். பஞ்சர் ஒட்டுவார். சக்கரத்தின் கோணலை எடுப்பார். துருப்பிடித்த செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஓடவைத்துவிடுவார். ஆனால் உடைந்த பிரேமை நெருப்பில் ஒட்டவேண்டும் என்று யாராவது வந்தால், தலையைச் சொறிந்தபடி பக்கத்துக் கடையைக் கைகாட்டுவார். அது ஆ கீ என்ற சீனனின் கடை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். ஆ கீக்கு டயர் வேலை என்றால் சலிப்பு, நல்லையாவுக்கு நெருப்பென்றால் பயம். வருடக்கணக்கில் இருவருக்கும் அது தோதாக இருந்தது.

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்த சில வாரங்களில் ஆ கீயை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சும்மா விசாரணைதான் என்றார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அவன் மனைவி லியன் கடையைச் சாத்திவிட்டு, அதன் வாசலிலேயே கிழங்கு மாவில் அப்பம் சுட்டு விற்கத் தொடங்கினாள். நல்லையா அவளை நொன்யா என்றும், அவள் அவரை அண்ணே என்றும் கூப்பிடுவார்கள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் மலாய்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடத்தில் நல்லையாவுக்கு எல்லாமே அலுத்துவிட்டது. மரவள்ளிக்கிழங்கு அலுத்தது. கிழங்குக்காக வரிசையில் நிற்பது அலுத்தது. சிப்பாயைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிவது இடுப்புக்கே அலுத்துப்போயிற்று. டயர் கிடைக்கவில்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கட்டிக் கொடுத்தார். அதில் ஏறி ஓட்டியவர்கள் எலும்பெல்லாம் கழன்றுவிட்டது என்று திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டார். பதில் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

அந்த நாளில்தான் தெங்கேராவிலிருந்து ஹனீபா வந்தார். தோட்டம் தோட்டமாகக் கருவாடு கொண்டுபோய் விற்பவர். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நல்லையாவின் ஒரே மகள் கோகிலாவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே போய்விட்டு வரும்போதெல்லாம் ஹனீபாதான் நல்ல சேதி கெட்ட சேதி கொண்டுவருவார்.

"மருமவன சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க நல்லையா. ரயில் ரோடு போடவாம். புள்ள கைக்கொழந்தையோட லயத்து வீட்டுல தனியாக் கெடக்கு. குளிர் காய்ச்சல் விட்டு விட்டு வருது."

"நடந்து வர முடியாதா?" என்று கேட்டாள் சாரதாம்பாள்.

"எங்கம்மா நடக்கிறது. எந்திரிச்சு நின்னாலே தல சுத்துதுங்குது. கொஞ்சம் எளைச்சும் போச்சு. என் வண்டியில சரக்கு இருந்துச்சு, இல்லன்னா நானே கூட்டியாந்திருப்பேன். சீக்கிரம் போயி இட்டாந்துருங்க."

இளைத்துப்போச்சு என்பதை நல்லையா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் யார்தான் இளைக்கவில்லை? அவருடைய சொந்த வேட்டியே இடுப்பில் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியது. அவர் மனத்தில் இருந்தது கல்யாணத்தன்று பார்த்த கோகிலா. நல்ல வாட்டசாட்டமான பெண். கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ரிக்‌ஷாக்காரன் வண்டியை நிறுத்தி, மாப்பிள்ளையை இறங்கி நடந்துவரச் சொல்லிவிட்டான். கோகிலாவே சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளை, மடியில் குழந்தையோடு, காய்ச்சலோடு, ரப்பர் குழாய் கட்டிய தன்னுடைய பழைய சைக்கிளின் கேரியரில் உட்காரவைத்து அந்தச் செம்மண் பாதையில் எப்படிக் கொண்டுவருவது? கேரியர் பாதி வழியில் முறியும். அவளுக்குப் பிடித்துக்கொள்ளவும் தெம்பு இருக்காது. சாய்ந்துகொள்ள முதுகு வேண்டும், கால் வைக்கப் படி வேண்டும்.

இரண்டு பிரேம்களை வெட்டி ஒன்றாக்கி, பின்சக்கரத்தைத் தள்ளிப் போட்டு, நடுவே தாழ்வாக ஒரு நாற்காலி வைத்த நீளமான சைக்கிள் ஒன்றை அவர் தரையில் கரிக்கட்டியால் வரைந்தார். வரைந்தது நன்றாகவே இருந்தது. அத்தனை மூட்டுகளையும் யார் ஒட்டுவது என்பதுதான் பாக்கி.

மறுநாள் நொன்யாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவள் அப்பச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அவரைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். ஜப்பான்காரன் கண்ணில் படாமல் ஆ கீ புதைத்துவைத்த ஆக்ஸிஜன் உருளை அங்கே மண்ணுக்கடியில் கிடந்தது. கார்பைடு போட்டு வாயு எடுக்கும் கலமும், தீயைப் பீச்சும் டார்ச்சும் பரணில் இருந்தன.

"எடுத்துக்கோங்க அண்ணே. ஆனா உருளையில பாதிதான் இருக்கும். தீர்ந்தா வேற கிடைக்காது" என்றாள் மலாயில்.

வயது நாற்பத்தெட்டில் நல்லையா நெருப்பைக் கையில் எடுத்தார். கார்பைடின் நாற்றத்தில் கிழங்கு கூடத் தொண்டையில் இறங்கவில்லை. முதல் குழாயில் ஓட்டை விழுந்தது. இரண்டாவது குழாய் மெழுகாய் உருகிச் சொட்டியது. டார்ச் முனையைக் கிட்டே கொண்டுபோனால் பட்டென்று வெடிக்கும். அவர் அதைக் கீழே போட்டுவிட்டு வாசல்வரை ஓடுவார். கண்ணுக்குப் போட்டுக்கொண்ட ஆ கீயின் கறுப்புக் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். அந்தப் பக்கத்துக் கண்ணில் எந்நேரமும் நீர் வழிந்தது.

அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. நொன்யா டார்ச்சைத் தொட்டதே இல்லை. ஆனால் சமையலறையில் இருந்தபடி இத்தனை வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். வாசலில் அப்பம் சுட்டபடியே குரல் கொடுப்பாள்.

"ரொம்பச் சீறுது அண்ணே. அவர் கையில அப்படிச் சீறாது."

நல்லையா டார்ச்சின் திருகாணியைக் கொஞ்சம் மூடுவார்.

"இப்ப புஸ்ஸுன்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் திறங்க. ஆ, இதுதான். இப்படித்தான் முணுமுணுக்கும்."

ஒருநாள் சத்தம் சரியாக அமைந்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது. நல்லையா திரும்பிப் பார்த்தார். சட்டியில் அப்பம் கருகிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நல்லையா டார்ச்சை அணைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

மெல்லிய சைக்கிள் குழாயை உருக்கி ஒட்டினால் ஓட்டைதான் விழும் என்று கடைசியில் புரிந்தது. குழாயைச் சிவக்கக் காய்ச்சி, மூட்டில் பித்தளையை உருக்கி ஓடவிடவேண்டும். ஆ கீ அதற்கு மஞ்சள் கம்பி வைத்திருந்தான். அதெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. தட்டார் ஒருவர் ஒரு பொட்டலம் வெங்காரம் கொடுத்தார். அதைத் தூவினால் உலோகம் தண்ணீர்போல் ஓடும். ஓடுவதற்கு உலோகம்தான் இல்லை.

வீட்டில் பாத்திரம் என்று மிஞ்சியது இரண்டு. சாரதாம்பாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பித்தளைக் குடம் ஒன்று. பொங்கலுக்கு மட்டும் அடுப்பேறும் வெண்கலப் பானை ஒன்று. அவர் கேட்பதற்கு முன்பே சாரதாம்பாள் பானையை எடுத்துவந்து முன்னால் வைத்தாள்.

"அரிசியே இல்ல, அப்புறம் பான எதுக்கு? கொடத்தக் குடுத்துட்டா தண்ணிக்கு எங்க போறது. இதையே ஒடைச்சுக்கங்க. வெண்கலம் பித்தளைய விட ஒசத்திதான?"

நல்லையாவும் அப்படித்தான் நினைத்தார். எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். வெண்கலத்துக்கு விலை அதிகம், மதிப்பு அதிகம், தட்டினால் நாதம் வரும். மகளைச் சுமக்கப்போகிற வண்டிக்கு உசத்தியானதைத்தானே போடவேண்டும்? சுத்தியலை எடுத்தார். பானை ஓட்டுச்சில் மாதிரித் துண்டு துண்டாகத் தெறித்தது. அப்போதே யோசித்திருக்கவேண்டும். யோசிக்கிற அளவுக்கு மூளையில் சத்து இருந்தால்தானே.

வெண்கலம் அழகாக ஓடியது. மூட்டுகள் எல்லாம் பளபளவென்று நின்றன. சிப்பாய் எவனும் ஆசைப்பட்டுவிடக் கூடாதே என்று வண்டி முழுக்கச் சேற்றைப் பூசினார். பிறகு சாரதாம்பாளை நாற்காலியில் உட்காரவைத்துப் புக்கிட் பாரு வரை ஓட்டிப்பார்க்கக் கிளம்பினார். அவள் கூச்சத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வழியெல்லாம் சனங்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

மேட்டில் ஏறி இறங்கும்போது, சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. மணி அடித்தாற்போல் ஒரு சத்தம். நல்லையாவின் பாதி சைக்கிள் முன்னால் போயிற்று. சாரதாம்பாளின் பாதி பின்னால் சாய்ந்து, அவள் இடது கையை ஊன்றி விழுந்தாள்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவர் அவளையும் வண்டியின் இரண்டு துண்டுகளையும் வீடு கொண்டுவந்து சேர்க்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நொன்யா உடைந்த மூட்டை எடுத்துப் பார்த்தாள். முறிந்த இடம் வெல்லக்கட்டியை உடைத்த மாதிரி பொருபொருவென்று இருந்தது.

"அவர் வச்சிருந்த கம்பி வளையும் அண்ணே. பையன்கள் அதை எடுத்து மோதிரம் பண்ணி விளையாடுவாங்க. இது வளையலையே."

நல்லையா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. பானை போயிற்று, கை போயிற்று, உருளையில் காற்று குறைந்துவிட்டது, வாரங்கள் ஓடிவிட்டன. கோகிலா அங்கே வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளோ என்னவோ. இனி முடியாது, ஹனீபாவையே எப்படியாவது கூட்டிவரச் சொல்லலாம் என்றார்.

சாரதாம்பாள் எழுந்து போய் வலது கையால் பித்தளைக் குடத்தைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு இனிமே நா கொடம் தூக்கவா போறேன். தகரத்துல தண்ணி புடிச்சுக்கலாம். எந்திரிங்க."

"இதுவும் ஒடைஞ்சா?"

"ஒடைஞ்சா நடந்து போயிக் கூட்டியாருவோம். எந்திரிங்கன்னா."

குடம் உடையவில்லை. வெட்டத்தான் வேண்டியிருந்தது. கத்திரிக்கு வளைந்து வளைந்து கொடுத்தது; அதைப் பார்த்ததுமே, வளைவதுதான் தாங்கும் என்று நல்லையாவுக்கு விளங்கிவிட்டது. மூட்டுகளில் ஒட்டிய வெண்கலத்தை அரத்தால் ராவி எடுக்கவே உயிர் போயிற்று. கடைசி மூட்டில் பித்தளை ஓடி நிரம்பும்போது டார்ச்சின் சத்தம் மாறியது. திருக வேண்டாம் அண்ணே, உருளை தீர்ந்துவிட்டது என்றாள் நொன்யா. இரண்டு மூட்டை மணலை நாற்காலியில் ஏற்றி அதே புக்கிட் பாரு மேட்டில் ஓட்டிப்பார்த்தார். வண்டி தாங்கியது. சந்தோஷப்படக்கூட அவருக்குக் களைப்பாக இருந்தது.

தோட்டத்தில் லயத்துக் கதவைத் திறந்தபோது முதலில் யாரோ சிறுமி படுத்திருக்கிறாள் என்று நினைத்தார்.

"அப்பா" என்றது அந்தச் சிறுமி.

கண் மட்டும்தான் கோகிலாவுடையது. கன்னம், தோள், கை எதுவும் அவருடைய மகளுடையது அல்ல. நெஞ்சில் ஒரு துணிப்பொட்டலம் அசைந்தது, அதுதான் பேரன். அவளைத் தூக்கவேண்டுமே என்று அவர் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டார். தூக்கியபோது பின்னால் சாய்ந்துவிடப் பார்த்தார், அவ்வளவு லேசாக இருந்தாள்.

நாற்காலியில் வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார். வண்டி கொஞ்சம்கூட அமுங்கவில்லை. நீளப் பிரேம் அப்படியே நின்றது. பழைய சைக்கிளின் கேரியரே போதும் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. முதுகுக்கு ஒரு பலகையைக் கயிற்றால் கட்டியிருக்கலாம். ஹனீபா வந்துபோன மறுநாளே கிளம்பியிருக்கலாம். மாப்பிள்ளையை ரிக்‌ஷாவை விட்டு இறங்கவைத்த கல்யாணப்பெண்ணின் கனத்துக்கு அவர் இத்தனை வாரமாக வண்டி கட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சலில் கிடந்தவளின் கனத்தை ஒருநாள்கூட அவர் நினைத்துப்பார்க்கவில்லை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

பெடலை மிதித்தார். பின்னால் யாரும் இருக்கிறமாதிரியே காலுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பயம் வந்துவிட்டது.

"கோகிலா, இருக்கியாம்மா?"

"இருக்கேன்ப்பா."

பாலம் தாண்டியதும் மறுபடி கேட்டார். ரப்பர் மரங்கள் முடிந்து மலாய்க் கம்பத்து வீடுகள் வந்ததும் கேட்டார். சிப்பாய்க்கு இறங்கிக் குனிந்து நிமிர்ந்ததும் திரும்பிப் பார்த்துக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இருக்கேன்ப்பா என்று அவள் சொன்னாள்.  தூங்கவிடாமல் தொல்லைப்படுத்துகிறோம் என்று தெரிந்தும் அவரால் கேட்காமல் இருக்கமுடியவில்லை.

காஜா பெராங் வந்தபோது சாரதாம்பாளும் நொன்யாவும் தெருவிலேயே நின்றார்கள். நொன்யா குழந்தையை வாங்கிக்கொண்டாள். சாரதாம்பாளுக்கு இடது கையில் இன்னும் கட்டு இருந்தது.

"இரு, நா தூக்குறேன். ஒனக்குக் கை ஆகாது" என்றார் நல்லையா, வண்டியைச் சாய்த்துப் பிடித்தபடி.

சாரதாம்பாள் அதற்குள் வண்டியருகே வந்துவிட்டாள். வலது கையைக் கோகிலாவின் இடுப்பைச் சுற்றிக் கொடுத்து, ஒரே கையால் தூக்கி, வழக்கமாகக் குடம் உட்காரும் இடுப்பில் மகளை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.