தீட்டு கழிந்த பிறகும்

புதுவாயலில் ஒரே அறை உள்ள வாடகை வீடு எங்களுடையது. சாமி அலமாரியும் அந்த அறையில்தான். மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, என்னைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மா அலமாரிக்கு முன்னால் பழைய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினார். தீட்டு நாற்பது நாள். அதுவரை அம்மன் முகம் பார்க்கக் கூடாது.

இரண்டாவது வாரத்தில் எனக்கு ஒரு எண்ணம் வரத் தொடங்கியது. தண்ணீர் அண்டாவைப் பார்த்தால், குழந்தையை நானே அதில் விட்டுவிடுவேன் என்று தோன்றும். ஆசை இல்லை, பயம்தான். அதனால் அவளைத் தூக்குவதையே நிறுத்தினேன். பால் கொடுக்கும்போதும் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். ஏன் என்று சொல்லவில்லை. அம்மன் என்னைப் பார்க்காததால்தான் இது வருகிறது, திரையை எடுத்தால் போய்விடும் என்று நானே முடிவு செய்துகொண்டு நாளை எண்ணினேன்.

நாற்பத்தோராம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, திரையை அவிழ்த்து, கற்பூரம் ஏற்றினேன். கும்பிடும்போதே அந்த எண்ணம் வந்தது. அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன்.

அந்த வாரம் குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி. சுகாதார நிலையத்தில் அம்மாதான் அவளை மடியில் வைத்திருந்தார். நர்சம்மா என்னையே பார்த்தார்.

“ஊசி புள்ளைக்கித்தான். நீ இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சினுகிற?”

அம்மா முந்திக்கொண்டார். “தூக்கமே இல்லம்மா அவளுக்கு. புள்ளைய தொடவே மாட்டேன்றா. மந்திரிச்சிகூட பாத்தாச்சு.”

“நீ புள்ளைய எடுத்துக்கினு கொஞ்சம் வெளிய இரு பெரீம்மா.”

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். எல்லாம் சொன்னேன்.

“இத்தினி நாளா இத்த உள்ளயே வெச்சினு இருந்தியா?”

“தீட்டு முடிஞ்சா போயிடும்னு இருந்தேன்க்கா.”

“அது வேற, இது வேற. நாளைக்கே திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குப் போ, மனநல டாக்டர்கிட்ட. அதுவரைக்கும் தனியா இருக்காத.”

வீட்டில் அம்மா அழுதார். “மெண்டல் டாக்டர்கிட்டயா? அக்கம்பக்கத்துல இன்னா பேசுவாங்க?”

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. அதிகம் பேசாதவர். “பேசட்டும் அத்தை. அவங்களா வந்து புள்ள வளக்கப் போறாங்க?” என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு லீவு சொன்னார்.

மறுநாள் திருவள்ளூரில் எல்லாம் சொன்ன பிறகு, டாக்டரம்மாவிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். “புள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சிடுவீங்களா?”

“இல்லம்மா. இந்த மாதிரி எண்ணம் நிறைய அம்மாங்களுக்கு வருது. மாத்திரைய விடாம சாப்பிடுங்க. இத சாப்பிட்டுகினே பால் குடுக்கலாம். ரெண்டு வாரத்துல வந்து பாருங்க.”

எண்ணம் ஒரே நாளில் போகவில்லை. தினமும் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை விழுங்கினேன். மூன்றாம் முறை திருவள்ளூர் போய் வந்தபோது, கொஞ்ச நேரம் குழந்தையோடு தனியாக இருந்து பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

அந்த வாரம் அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பினார்.

“புள்ளைய தூக்கிக்கினு போவட்டா?”

“வாணாம்மா. என்கிட்டயே இருக்கட்டும்.”

அம்மா வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.