அண்ணன் சொன்ன பத்தியம்

பெரியவர்களும் படித்தவர்களும் எழுதும் அண்ணனின் நினைவு மலரில் நானும் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாடிப்பட்டிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. அண்ணன் மகன் திருமங்கலத்துக்கு என் வீடு தேடி வந்து, "அத்தே, உங்களைப் பேசவா சொன்னேன்? எழுதத்தானே சொல்றேன்" என்று தாளை வைத்துவிட்டுப் போய்விட்டான். பிழை இருந்தால் என்னுடையது.

அண்ணன் பிறந்தது வாடிப்பட்டிக்கு அருகே வாய்க்கால் பாசனமுள்ள ஒரு சிற்றூரில். எங்களுக்குக் கொஞ்சம் நெல்வயல் இருந்தது. அண்ணன் மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, நடவு மழையில் நனைந்த, எங்களைப் பெற்ற அய்யாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. மதுரையிலிருந்து டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஆளிவிதை மாவைக் கிண்டிச் சூட்டோடு கட்டச் சொன்னார்.

"இதுக்கு மருந்து இல்லைங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"இன்னும் இல்லப்பா. காய்ச்சல் தானா இறங்கணும்" என்றார் டாக்டர்.

இறங்கவில்லை. அய்யா போய்விட்டார். அன்று நாங்கள் எல்லோரும் 'இல்லை' என்பதைத்தான் கேட்டோம். அண்ணன் 'இன்னும்' என்பதைக் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அதே டாக்டரின் வைத்தியசாலையில் சீசா கழுவும் வேலையில் சேர்ந்தார். பிறகு கம்பவுண்டர் பரீட்சை தேறி, கடைசிவரை அங்கேயே மருந்து கலக்கினார். என்னைக் கல்யாணம் செய்து கொடுத்ததும், அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்ததும் அவர்தான்.

டாக்டருக்குச் சீமையிலிருந்து கப்பலில் வைத்தியப் பத்திரிகைகள் வரும். அவர் படித்து முடித்ததும் அண்ணன் கேட்டு வாங்கிப் படிப்பார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செய்தியை ஆரம்பித்துவிடுவார். நீரிழிவுக்கு ஊசி கண்டுபிடித்த செய்தியை அப்படித்தான் கேட்டோம். ஒரு நாள், ரத்தம் வற்றிப்போனவர்கள் ஈரல் தின்று பிழைக்கிறார்கள் என்று சொன்னார். மதினி அரிசி களைந்துகொண்டே, "இதுக்கா சீமைக்குப் போனாக? எங்க ஆத்தாவைக் கேட்டா சொல்லிருக்குமே" என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

யுத்தம் தொடங்கும் சமயத்தில் சல்பா மாத்திரை வந்தது. அய்யாவுக்கு வந்த அதே காய்ச்சலுக்கு மருந்து. டாக்டர் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லியிருந்தார்: நோயாளி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உப்பாக உறைந்து சிறுநீரை அடைத்துவிடும். நம் பக்கமோ காய்ச்சல்காரருக்கு வெந்நீரில் நாக்கை நனைப்பதோடு சரி. முதலில் வாங்கியது, காய்ச்சலில் கிடந்த திருமங்கலத்து வண்டிக்காரர் ஒருவருடைய மனைவி.

"என்ன பத்தியம்ணே?"

"பத்தியம் ஒண்ணுமில்ல தாயி. தண்ணி மட்டும் நெறையக் குடுங்க."

"காய்ச்சக்காரருக்குத் தண்ணியா? நல்லாருக்கு போங்க. பத்தியமே இல்லாத மருந்து எம்புட்டுத்தான் கேக்கும்?"

அந்த அம்மாள் மாத்திரையைக் கொடுத்தார், தண்ணீரைக் கொடுக்கவில்லை. மறுபடி வந்தபோது வண்டிக்காரருக்குச் சிறுநீர் சுருங்கி, இடுப்பு வலி கண்டிருந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. அண்ணன் அந்த அம்மாளைத் தனியே அழைத்து உட்கார வைத்தார்.

"தாயி, இந்த மருந்துக்குப் பத்தியம் இருக்கு. கடும் பத்தியம். மாத்திரைக்கு முன்னால ஒரு சொம்பு தண்ணி, பின்னால ஒரு சொம்பு. ஒரு வேளை தப்புனாலும் மருந்து முறிஞ்சுரும்."

"அப்படிச் சொல்லுங்க. இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? அந்த மனுசன் வேண்டாம்னாலும் வாயைப் பிடிச்சு ஊத்திர மாட்டேன்?"

உள்ளேயிருந்த டாக்டர் சிரித்ததை அண்ணன் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அங்கே சல்பா மாத்திரைக்குத் தண்ணீரே பத்தியம் என்று ஆயிற்று. ஒருவரும் அந்தப் பத்தியத்தை மீறவில்லை. வண்டிக்காரர் எழுந்து நடமாடுவதைப் பார்க்கத் திருமங்கலம் வந்த அண்ணன், அப்படியே என் வீட்டுக்கும் வந்தார். இலை போட்டேன். உட்கார்ந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"அய்யாவுக்கு வந்ததும் இதுதான் தங்கச்சி. நாலு மாத்திரை, ரெண்டு கொடம் தண்ணி. அம்புட்டுத்தான்" என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதன் பிறகு அண்ணன் மனம் முழுவதும் பெனிசிலின்மேல் இருந்தது. பூஞ்சணத்திலிருந்து எடுக்கும் மருந்து, பட்டாளத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள் என்றார். "அட, ஊறுகாச் சாடியில பூத்ததை நேத்துத்தான் வழிச்சுக் கொட்டுனேன்" என்றார் மதினி. அண்ணன் சிரித்தாலும் விடவில்லை. "பொடியா வருமாம். ஊசி போடுறப்பத்தான் கரைக்கணுமாம். ஒரு தடவையாவது என் கையால கரைச்சுப் பாத்துரணும்" என்பார்.

யுத்தம் முடிந்த பிறகு அண்ணனுக்குப் பிடரியில் பிளவைக் கட்டி வந்தது. சல்பா மாத்திரைக்கு அது கட்டுப்படவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறியது. டாக்டர் சென்னையிலுள்ள தம் நண்பருக்குத் தந்தி கொடுத்தார். பெனிசிலின் அப்போது ஆஸ்பத்திரிகளுக்கு அளந்துதான் வந்தது. அனுமதி வாங்கி, ஐஸில் வைத்து ரயிலில் அனுப்ப வேண்டும். நானும் அண்ணன் வீட்டில் போய்த் தங்கினேன். தினமும் காலை அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி வந்துருச்சா?" என்பதுதான். மதினி தண்ணீரை நீட்டுவார். அவர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

கடைசி நாள் டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார்.

"டாக்டர், அந்த மருந்துக்கு என்ன பத்தியம் சொல்றது? அதைத்தான் யோசிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"நீ எந்திரிச்சு வா. வந்து நீயே சொல்லு."

"ஏதாவது சொல்லணும் டாக்டர். இல்லேன்னா நம்ப மாட்டாக."

அன்று மாலை அண்ணன் சிவபதம் அடைந்தார்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அந்த மருந்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம், இதை அண்ணனிடம் சொல்ல வேண்டுமே என்று மனம் எழுந்து கிளம்புகிறது. போய் நிற்க இடம் தெரியாமல் திரும்பி வருகிறது. வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணனைக் கூடப் பிறந்தவர் போலப் பார்த்த டாக்டர் அவர்களுக்கும், முகம் தெரியாத எங்களுக்காக அலைந்த சென்னை டாக்டருக்கும், முறை வைத்து உட்கார்ந்து விசிறிய தெருக்காரர்களுக்கும், தேர் கட்டித் தூக்கிச் சென்ற பங்காளிகளுக்கும், மதினியைத் தனியே விடாமல் இருந்த பெண்டுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் போன மறுநாள் காலை வண்டியில் மருந்து வந்தது. டாக்டர் மதினியிடம் ஆள் அனுப்பிச் சம்மதம் கேட்டுவிட்டு, செல்லூரிலிருந்து பிரசவக் காய்ச்சலோடு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அதைப் போட்டார்.