சாவியை எடுத்த பின்னும் ஓடிய இன்ஜின்

எங்கள் அப்பா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். லோரி ஓட்டித் தங்கா பத்துவில் ஒரு வீடு வாங்கினார். குடும்பத்தில் முதல் ஆளாக என்னைப் படிக்க வைத்தார். வாகனப் பொறியியலில் நான் பெற்ற டிப்ளோமாவைக் காரின் முன்கண்ணாடியில் சாய்த்து வைத்து ஊரெல்லாம் ஓட்டினார். வெயிலில் எழுத்து மங்கத் தொடங்கிய பிறகே அம்மா அதை மீட்டார்.

அந்தக் கார், அப்பா வாயில் ‘காடி’, ஒரு பழைய டர்போ டீசல். தோட்டத்தில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் அப்பாவைத்தான் அழைப்பார்கள். போகும்போதும் வரும்போதும் சிம்பாங் அம்பாட் சாலையோர முனீஸ்வரர் கோயிலில் நிற்பார். வேகமாக வந்த காரை நிறுத்திய கணமே இன்ஜினை அணைப்பார். சாமிக்கு முன்னால் இன்ஜின் உறுமக் கூடாது என்பது நம் ஓட்டுநர்கள் பலரின் வழக்கம்.

அந்த மரியாதைதான் காரை உள்ளே அரித்தது. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்போவின் சிறு சக்கரத்தைச் சுழற்றும். அது பூட்டிய தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். தண்டைக் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. இன்ஜினை அணைத்ததும் எண்ணெய் ஓட்டம் நிற்கும், சூடு நிற்காது. தேங்கிய எண்ணெய் கருகித் தண்டைத் தின்னும்.

முதலில் விசில் சத்தம் வந்தது. “அண்ணே, இனி ஹாரனே தேவையில்லலா,” என்று சித்தப்பா கேலி செய்தார். பிறகு நீலப் புகை வந்தது. எண்ணெய் ஊற்ற ஊற்றக் குறைந்தது. அது இன்ஜினுக்குள் கசிந்தால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

“சாவிய எடுத்தாலும் நிக்காதுப்பா. தன்னோட எண்ணெயவே குடிச்சிட்டு ஓடும்.”

“காடிக்குப் பேய் புடிக்கும்ங்கிற. அதுக்குத்தானம்மா முனீஸ்வரர்கிட்ட நிக்கிறேன்,” என்று சிரித்தார். அப்படி ஓடினால் எப்படி நிறுத்துவது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கோயில் திருவிழா முடிந்ததும் டர்போவை மாற்றுவதாக ஒப்புக்கொண்டார்.

திருவிழாவுக்கு முந்திய வாரம், தோட்டத்து அக்கா ஒருவரையும் அவர் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழக்கம்போல் கோயில் முன் நின்று அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கவில்லை. தானாகவே வேகமெடுத்து அலறியது. புகையில் கோயில் மறைந்தது. அப்பா சாவியை உருவி என் கையில் வைத்தார்.

“பிள்ளைங்கள எறக்கு. தூரமா கூட்டிட்டுப் போ.”

கோயில் வாசலில் கும்பிட வந்தவர்கள் நின்றிருந்தார்கள். இன்ஜின் வெடித்துச் சிதறினால் அவர்கள்மேல்தான். அப்பா இறங்கவில்லை. நான் சொல்லியிருந்தபடி கடைசி கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டார். கார் ஒருமுறை குலுங்கி, இன்ஜின் நின்றது.

இறங்கி வந்து கோயில் படியில் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“நின்னுருச்சா?”

“நின்னுருச்சுப்பா.”

அந்த வழியே வந்த லோரியில் அவரை ஏற்றினோம். மருத்துவமனை போய்ச் சேருமுன் அடங்கிவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

எங்களை ஏற்றிச் சென்ற லோரி ஓட்டுநருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், சடங்குகளில் துணைநின்ற உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. முதலாண்டுப் பூசை அதே கோயிலில்தான் நடக்கிறது. டீசல் காரில் வருகிறவர்கள் நின்றதும் அணைக்காமல், சிறிது நேரம் இன்ஜினை ஓடவிடுங்கள். பூசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பாவின் கார் போன வாரம் விசிலடிக்கத் தொடங்கியது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அதன் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது.

மகள்